வங்காள உடன்கட்டைப் பதிவேடுகள் (1815–1828): 'சுயவிருப்பம்' என்ற பதிவை எப்படி வாசிப்பது?

#1 தாமிரா

ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்காக வங்காள மாகாணத்தின் உடன்கட்டைப் பதிவேடுகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1821 முதல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அச்சிட்ட தொகுப்புகள்தான் கையில் இருப்பவை. பல பதிவுகளில் அந்தப் பெண் தன் விருப்பத்தோடு எரிந்தாள் என்று குறிப்பு இருக்கிறது. சிலவற்றில் தடுத்தும் கேட்கவில்லை என்று இருக்கிறது. மிகச் சிலவற்றில் மட்டும் கட்டாயப்படுத்தினார்கள் என்று இருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்து எண்ணி ஒரு அட்டவணை போடலாம் என்று நினைக்கிறேன். பெண்ணிய வாசிப்பில் இது செல்லுமா?

#2 ஆவணப்பித்து

எண்ணலாம். ஆனால் அந்த எண் பெண்களின் மனநிலையைச் சொல்லாது. அதிகாரிகள் எதைக் கேட்க வேண்டும் என்று பணிக்கப்பட்டார்கள் என்பதைத்தான் சொல்லும். அந்தக் குறிப்பு பதிவேட்டுக்குள் எப்படி வந்தது என்பதை முதலில் பாருங்கள்.

1789இல் ஷாகாபாத் கலெக்டர் புரூக் ஓர் உடன்கட்டையைத் தடுத்துவிட்டு, செய்தது சரியா என்று மேலிடத்துக்கு எழுதுகிறார். அதிகாரத்தைப் பயன்படுத்தாதே, எடுத்துச் சொல்லி மனதை மாற்றப் பார் என்று பதில் வருகிறது. 1805இல் பீகாரில் எல்பின்ஸ்டன் என்ற மாஜிஸ்திரேட் ஒரு சிறுமியைத் தடுக்கிறார். அவளுக்குப் போதைப் பொருள் கொடுத்திருந்தார்கள். இப்போது அரசாங்கம் நிஜாமத் அதாலத்தை, அதாவது மாகாணத்தின் உச்சக் குற்றவியல் நீதிமன்றத்தைக் கேட்கிறது, அதாலத் தன் பண்டிதர் கனஷ்யாம் சர்மாவைக் கேட்கிறது. நான்கு வருணப் பெண்களுக்கும் இது அனுமதிக்கப்பட்டது என்றும், கர்ப்பிணி, மாதவிலக்கில் இருப்பவள், பருவமடையாதவள், வளர்க்க ஆளில்லாத கைக்குழந்தை உள்ளவள் ஆகியோருக்குக் கூடாது என்றும், மயக்க மருந்து கொடுப்பது முறையல்ல என்றும் அவர் பதில் எழுதுகிறார்.

அந்தப் பதில் ஏழு ஆண்டு கோப்பில் கிடந்தது. 1812இல் புந்தேல்கண்ட் மாஜிஸ்திரேட் வாச்சோப் அதே கேள்வியைக் கேட்ட பிறகுதான் தூசி தட்டி எடுக்கப்பட்டு, 1813இல் சுற்றறிக்கையாகப் போனது. அன்றிலிருந்து 'சட்டப்படியான' உடன்கட்டை, 'சட்டத்துக்குப் புறம்பான' உடன்கட்டை என்று இரண்டு வகை வந்துவிட்டன. 1815 முதல் ஆண்டுக் கணக்கு. 1817இல் விதிகள் இன்னும் இறுகின: முன்கூட்டியே போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும், கணவன் உடல் இல்லாமல் பின்னொரு நாளில் தனியாக எரியும் அனுமரணம் பிராமணப் பெண்ணுக்குக் கூடாது.

ஆக, சிதையருகே நின்ற தாரோகாவின் (உள்ளூர் போலீஸ் அதிகாரியின்) வேலை அந்தப் பெண்ணைக் காப்பது அல்ல, விதி மீறப்படவில்லை என்று சான்று எழுதுவது. 'விருப்பத்தோடு' என்று எழுதினால் கோப்பு மூடப்படும். 'கட்டாயம்' என்று எழுதினால், ஏன் தடுக்கவில்லை என்ற கேள்வி அவர் தலையிலேயே விழும். இந்த அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காமல் போடும் அட்டவணை தாரோகாவின் சாட்சியத்தையே திருப்பிச் சொல்லும்.

#3 செங்காந்தள்

மேலே சொன்னதோடு மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் பேசியது வங்காளியிலோ போஜ்புரியிலோ. 1837 வரை நீதிமன்ற, போலீஸ் நடவடிக்கைகளின் மொழி பாரசீகம். மாஜிஸ்திரேட் மேலே அனுப்பியது ஆங்கிலம். நாடாளுமன்றத் தொகுப்பில் நீங்கள் வாசிப்பது அதிலிருந்தும் சுருக்கி எடுத்தது. அவள் வாயிலிருந்து வந்த பேச்சு மூன்று மொழி தாண்டி, நான்கைந்து கை மாறி, கடைசியில் ஒரு கட்டத்துக்குள் ஒற்றைச் சொல்லாக உட்கார்ந்திருக்கிறது.

ஒரு கோப்பை எடுத்தால் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு தாளில் ஐந்து பத்தி (நெடுவரிசை) போடுங்கள்: யார் பேசுகிறார், யாரிடம், பேச்சு நேரடியாக வருகிறதா சுருக்கமாக வருகிறதா, வினைச்சொல் என்ன, அந்த வினைக்குச் செய்பவர் யார். வாக்கியம் வாக்கியமாக நிரப்புங்கள். இரண்டு பக்கம் முடிவதற்குள் ஒரு ஒழுங்கு தெரியவரும். விறகு 'அடுக்கப்பட்டது', தீ 'மூட்டப்பட்டது', அனுமதி 'அளிக்கப்பட்டது'. அடுக்கியவனும் மூட்டியவனும் அளித்தவனும் வாக்கியத்தில் இல்லை. செய்வினை வரும் ஒரே இடம் அந்தப் பெண்ணுக்கு: அவள் 'ஏறினாள்', அவள் 'மறுத்தாள்', அவள் 'பிடிவாதமாக இருந்தாள்'. ஊரே சேர்ந்து செய்த காரியத்தில் இலக்கணப்படி ஒரே கர்த்தா அவள்தான். சுயவிருப்பம் என்ற முடிவில் பாதியை இந்த வாக்கிய அமைப்பே கட்டிவிடுகிறது.

அடுத்து அடைமொழிகளைத் தனியாக எடுங்கள். அவளுக்கு வருபவை இரண்டே ஓட்டம்: மூடநம்பிக்கையில் மயங்கிய அபலை, அல்லது அசைக்க முடியாத வீராங்கனை. ஒரே அதிகாரி ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதுவதுண்டு. நடுவில் ஒரு சாதாரண மனுஷி, வயிற்றுக்கும் வீட்டுக்கும் கவலைப்பட்டவள், இருக்க இடமே இல்லை.

பெயர்களையும் விடாதீர்கள். பதிவேட்டில் பெயர், வயது, சாதி, கணவன் பெயர், தேதி, எந்தக் காவல் எல்லை என்று வரும். பெண்களின் பெயர்கள் அடையாளமே தெரியாதபடி சிதைந்து கிடக்கும். காயத்ரி ஸ்பீவாக் 1988இல் வெளியான கட்டுரையில் இதைச் சுட்டுகிறார். வெள்ளை ஆண்கள் பழுப்புப் பெண்களைப் பழுப்பு ஆண்களிடமிருந்து காப்பாற்றுகிறார்கள் என்பது ஒரு வாக்கியம். அவள் சாகவே விரும்பினாள் என்பது அதற்கு எதிர்வாக்கியம். இரண்டிலும் அவள் குரல் இல்லை என்பது அவர் வாதம். அந்த இரண்டு வாக்கியங்களில் எது சரி என்று உங்கள் அட்டவணை தீர்ப்புச் சொல்லப் போகிறது. அதுதான் சிக்கல்.

#4 தாமிரா

புரிகிறது, நன்றி. அப்படியானால் எண்களையே தொடக் கூடாதா? 1818இல் எண்ணிக்கை குதிக்கிறது. அதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

#5 வடகரை

தொடுங்கள், தாராளமாக. எண்ணைக் கண்டு பயப்படும் பெண்ணிய வாசிப்பு பாதி வாசிப்புதான்.

ஆண்டுவாரியாக: 1815இல் 378, 1816இல் 442, 1817இல் 707, 1818இல் 839, 1819இல் 650, 1820இல் 597, 1821இல் 654, 1822இல் 583, 1823இல் 575, 1824இல் 572, 1825இல் 639, 1826இல் 518, 1827இல் 517, 1828இல் 463. கூட்டினால் 8134. ஆறு கோட்டங்களின் கணக்கு இது: கல்கத்தா, டாக்கா, முர்ஷிதாபாத், பாட்னா, காசி, பரேலி. பாதிக்கும் மேல் கல்கத்தா கோட்டத்தில் மட்டும்.

1818இன் உச்சத்துக்கு மூன்று விளக்கங்கள் உண்டு. 1817இல் ஜெஸ்ஸூர் பக்கம் கிளம்பிய காலரா ஆண்களைக் கொன்றது, விதவைகள் பெருகினார்கள். இது அதிகாரிகளுக்குப் பிடித்த விளக்கம். அரசாங்கத்தின் மீது பழி வராது. இரண்டாவது, 1817 விதிகளுக்குப் பிறகு பதிவு இறுகியது. முன்பு கணக்கில் வராதவை வந்தன. மூன்றாவது, போலீஸ் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவதையே அரசு அனுமதியாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்போதே சில அதிகாரிகள் இதைச் சொல்லி எச்சரித்தார்கள். மூன்றும் சேர்ந்து வேலை செய்திருக்கும். எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பே அப்போது கிடையாது. 'விகிதம்' என்று ஒரு எண் எங்காவது கண்டால் அதன் பகுதி (வகுக்கும் கீழ் எண்) எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

என் பார்வையில் இந்தப் பதிவேடுகளில் மிகப் பயனுள்ள பத்தி வயதுதான். அதிகாரிகளும் மிஷனரிகளும் 'இளம் விதவை' என்று உருகி எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்களுடைய பதிவேட்டிலேயே பெரும்பகுதிப் பெண்கள் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். உரைநடை சொல்வதும் பத்தி சொல்வதும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த மோதலை எழுதுங்கள். கிழவியின் சாவு யாருக்கும் கதையாகவில்லை, பதினாறு வயதுக்காரியின் சாவுதான் லண்டனில் நன்கொடை திரட்டியது. கிழவிக்கும் சொத்து இருந்திருக்கலாம், அவளுக்கும் சோறு போட ஆள் தேவைப்பட்டிருக்கும். வங்காளத்தில் வழங்கிய தாயபாகம் என்ற சொத்துரிமை முறைப்படி மகனில்லாத விதவைக்குக் கணவன் பங்கில் ஆயுள்கால உரிமை உண்டு என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் சொத்து ஒன்றே காரணம் என்று முடித்துவிடாதீர்கள். சொத்தே இல்லாத வீடுகளும் பதிவேட்டில் நிறைய.

#6 நீலாம்பரி

ஒரு எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். சொல்லாடல், அடைமொழி, செயப்பாட்டுவினை என்று நாம் பேசிக்கொண்டே போகிறோம். எரிந்த உடம்பு எங்கே?

உடன்கட்டை விவாதத்தை ஆய்ந்த லதா மணி 1987இல் எழுதிய கட்டுரையிலும் 1998இல் வந்த நூலிலும் சொன்னதை இங்கே எல்லோரும் அடித்தளமாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்: அந்த விவாதத்தில் பெண்கள் பேசுபொருளாகக்கூட இல்லை, மரபு எது என்ற சண்டை நடந்த களம் மட்டுமே. அது முக்கியமான கண்டுபிடிப்பு, ஏற்கிறேன். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் நாமும் அவளைக் களமாகவே விட்டுவிடுகிறோம். அதிகாரிகள் சாஸ்திரத்தைப் பற்றிப் பேசினார்கள், நாம் அதிகாரிகளைப் பற்றிப் பேசுகிறோம்.

1987 செப்டம்பரில் ராஜஸ்தானின் தேவராலாவில் ரூப் கன்வர் என்ற இளம் விதவை கணவன் சிதையில் எரிந்து இறந்த பிறகு ராஜேஸ்வரி சுந்தர் ராஜன் இந்த இடத்தைத்தான் தொட்டார். விருப்பமா கட்டாயமா என்ற கேள்வியைச் சுற்றியே வாதம் ஓடுகிறது, வலி பற்றி யாரும் பேசுவதில்லை என்றார். வலி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் வலியிலிருந்து தப்ப நினைக்கும் ஒருத்தியும் அங்கே இருக்கிறாள். சிதையிலிருந்து குதித்தவர்களைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. தாமிரா, அவற்றைத் தனியாக எடுத்துத் தொகுங்கள். விருப்பப் பத்தியை விட அவை மதிப்புள்ளவை.

#7 செங்காந்தள்

நீலாம்பரி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. மணி அத்தோடு நிற்கவில்லை. நேரில் கண்டவர்களின் விவரிப்புகளை அவர் தனியாக வாசிக்கிறார். அதிகாரி தடுத்துப் பேச, அவள் பதில் சொல்லும் இடங்கள் அவை. எழுதியவர் அதைப் பிடிவாதத்துக்குச் சான்றாகத்தான் பதிவு செய்கிறார். ஆனால் அவள் சாஸ்திரம் பேசுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பிழைப்பைப் பற்றிப் பேசுகிறாள்: இனி யார் சோறு போடுவார்கள், யார் வீட்டில் இருப்பது. சாஸ்திரத்தைத் தேடிக்கொண்டிருந்த அதிகாரியின் காதில் இது விழவில்லை, அதனாலேயே வடிகட்டப்படாமல் காகிதத்தில் தங்கிவிட்டது.

குதித்தவர்களின் பதிவுகளைத் தொகுக்கச் சொன்னது நல்ல யோசனை. ஓர் எச்சரிக்கை மட்டும். மிஷனரிகளின் எழுத்தில் அதே சம்பவம் இரண்டு விதமாக வரும். இந்தியாவில் உள்ளவர்களை நோக்கி எழுதும்போது சாஸ்திர வாதம் தூக்கலாக இருக்கும். இங்கிலாந்துச் சபைகளுக்கு எழுதும்போது அலறலும் புகையும் தூக்கலாக இருக்கும், பணம் அங்கிருந்துதானே வர வேண்டும். வலியின் விவரிப்பும் ஒரு வாசகரை நோக்கி எழுதப்பட்டதுதான். அதனால் வலி பொய்யாகிவிடாது. யாருக்காக, எந்த ஆண்டில், எங்கே அச்சானது என்ற மூன்றையும் ஒவ்வொரு மேற்கோளின் பக்கத்திலும் குறித்துக்கொள்ளுங்கள்.

#8 கார்நாற்பது

பெண்கள் எழுதிய காலனியப் பதிவுகளையும் சேர்க்கலாம். அலகாபாத்தில் வாழ்ந்த பேனி பார்க்ஸின் நாட்குறிப்பு நூலாக 1850இல் வந்தது. அதில் 1828 நவம்பரில் நடந்த ஒரு சம்பவம்: தானிய வியாபாரி ஒருவர் இறக்க, அவர் மனைவி எரியப் போகிறார். தீ பட்டதும் குதிக்கிறார். கூட்டம் திருப்பித் தள்ளப் பார்க்கிறது. மாஜிஸ்திரேட் காப்பாற்றுகிறார். இதைப் பெண்ணின் சாட்சியம் என்று அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. மாஜிஸ்திரேட்டோடு போய்ப் பார்த்தவர் பார்க்ஸின் கணவர். நாம் வாசிப்பது கணவர் வந்து சொன்னதை.

ஆனால் அதே நூலில் இன்னோர் இடத்தில் அவர் தன் நாட்டுச் சட்டத்தின் பக்கம் திரும்புகிறார். இங்கிலாந்தில் மணமான பெண்ணின் நிலை அடிமை நிலை என்றும், அது வாழ்நாள் முழுக்க நீளும் ஓர் உடன்கட்டை என்றும் எழுதுகிறார். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை கிடையாது. 1870, 1882 சட்டங்களுக்குப் பிறகுதான் அது மாறுகிறது. காப்பாற்ற வந்த நாகரிகத்தின் சொந்த வீட்டை ஒரு பெண் திறந்து காட்டிய அரிய பக்கம் இது. ஆனால் இந்த ஒப்புமையில் வங்காள விதவை உவமையாக மட்டும் வந்துபோகிறாள். தன் விடுதலையைப் பேச இன்னொருத்தியின் சிதையை எடுத்துக்கொள்வது அன்று தொடங்கி இன்னும் நடக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

#9 புறத்திணை

தமிழில் இதற்கு ஒரு பெண்ணின் சொந்தக் குரலே இருக்கிறதே. புறநானூறு 246, பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. தடுக்கும் சான்றோரை அவளே கடிந்து பேசுகிறாள். வங்காளப் பதிவேட்டில் கிடைக்காதது இங்கே இருக்கிறது என்று ஒப்பிடலாமா?

#10 செங்காந்தள்

ஆதாரமாக ஒப்பிட வேண்டாம். ஆயிரம் ஆண்டுக்கும் மேலான இடைவெளி, அரசகுலம், செய்யுள் மரபு என்று எல்லாமே வேறு. அது அவள் குரல் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, திணையும் துறையும் அமைத்துத் தந்த குரல் அது. ஆனால் வாசிக்கும் காதைப் பழக்க அந்தப் பாட்டு உதவும். தீயின் பெருமையை அவள் பாடவில்லை. நெய் படாத சோறு, புளி கூட்டி வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாமல் பரல் மேல் படுக்கை என்று கைம்மையின் உணவையும் படுக்கையையும்தான் அடுக்குகிறாள். வங்காளக் கோப்புகளிலும் சோறு, துணி, படுக்கை பற்றிய வரி வந்தால் அங்கே நில்லுங்கள்.

#11 ஆவணப்பித்து

தமிழ்நாடு வந்துவிட்டதால் ஒன்று. தஞ்சைப் பகுதிக்கு எல்லோரும் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவாவை எடுத்துக் காட்டுவார்கள். 1794இல் புதுப்பேட்டை என்ற ஊரில் கோமுட்டி சாதி விதவை ஒருத்தி எரிந்ததை விரிவாக எழுதியிருக்கிறார். துபுவாவின் கையெழுத்துப்படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1807இல் வாங்கியது, 1816இல் ஆங்கிலத்தில் வந்தது. அதன் பெரும்பகுதி, முன்பே இறந்துபோன கூர்து பாதிரியாரின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று சில்வியா முர் 1987இல் நிறுவினார். 1794 சம்பவம் கூர்துவின் காலத்துக்குப் பிந்தியது, ஆகவே அது அங்கிருந்து வந்திருக்க முடியாது. பொதுவான வழக்கங்கள் என்று துபுவா சொல்பவற்றை மட்டும் 1790களின் நேரடிச் சாட்சியமாக எடுக்காதீர்கள்.

#12 வடகரை

உடன்கட்டையைத் தடைசெய்த 1829 சட்டத்தை யாரும் இன்னும் தொடவில்லை. தாமிரா, உங்கள் கேள்விக்கு அதில் நேரடியான பொருத்தம் இருக்கிறது. கவர்னர் ஜெனரல் பென்டிங்க் 1829 டிசம்பர் 4 அன்று நிறைவேற்றிய 17ஆம் ஒழுங்குவிதியை முழுதாக வாசியுங்கள், ஐந்தே பிரிவு. சென்னை மாகாணத்துக்கு 1830இன் 1ஆம் ஒழுங்குவிதி.

மூன்றாம் பிரிவு: ஜமீன்தார் முதலானோர் உடனே போலீசுக்குத் தெரிவிக்காவிட்டால் 200 ரூபாய் வரை அபராதம், கட்டாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. நான்காம் பிரிவு: அவள் விரும்பினாளா இல்லையா என்பது பொருட்டல்ல, உடந்தையாக இருந்தவர் குற்றவாளி. 1813 முதல் பதினாறு ஆண்டு எந்தக் கேள்வியைச் சுற்றிப் பதிவேடுகள் நிரம்பினவோ, அந்தக் கேள்வியைச் சட்டம் ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. ஆனால் ஐந்தாம் பிரிவில் அது திரும்பி வருகிறது: வன்முறையோ மயக்க மருந்தோ இருந்தால் மரண தண்டனை வரை போகலாம்.

முகவுரையைத்தான் நிதானமாக வாசிக்க வேண்டும். இந்தப் பழக்கம் மதக் கட்டாயம் இல்லை, அதற்கு மாறாகத் தூய்மையும் ஒதுங்கிய வாழ்வுமே விதவைக்குச் சிறப்பாக விதிக்கப்பட்டது என்கிறது. தடை அவளுடைய உயிருரிமையில் நிற்கவில்லை, சாஸ்திரத்தின் இன்னொரு வாசிப்பில் நிற்கிறது. உடன்கட்டையை எதிர்த்த ராம்மோகன் ராயும் 1818 முதல் எழுதிய துண்டு நூல்களில் மனுஸ்மிருதியைக் காட்டித் தவவாழ்வையே மாற்றாக வைத்தார். 1822இல் பெண்களின் பழைய சொத்துரிமை பறிபோனதைப் பற்றியும் எழுதினார் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் சட்டம் எடுத்துக்கொண்டது முதலாவதை மட்டும். தீயிலிருந்து எடுத்துக் கைம்மைக்குள் வைத்த இந்த வாக்கியம் உங்கள் இயலின் மையமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

#13 நீலாம்பரி

இதை முழுமனதோடு ஏற்கிறேன். தேவராலாவுக்குப் பிறகு வந்த 1987 சட்டம், முயற்சி செய்யும் பெண்ணையே குற்றவாளியாக்குகிறது. 1829இல் அது இல்லை. அந்த ஒப்பீட்டை ஓர் அடிக்குறிப்பாகவாவது வையுங்கள்.

#14 தாமிரா

எல்லோருக்கும் நன்றி. அட்டவணையை மாற்றிக்கொள்கிறேன்: 'விருப்பம் / கட்டாயம்' என்று இல்லாமல், 'யார் எழுதியது, யாருக்கு, பெண்ணின் பேச்சு வருகிறதா, வந்தால் எதைப் பற்றி' என்று. அச்சிட்ட தொகுப்புகள் போதுமா, மூலத்துக்குப் போக வேண்டுமா?

#15 ஆவணப்பித்து

மாதிரிக்காவது போங்கள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் பதிவுகளின் பி (P) வரிசையில் வங்காள நீதித்துறை நடவடிக்கைகள் இருக்கும். எப் 4 (F/4) வரிசை, லண்டனுக்குத் தொகுத்து அனுப்பிய கோப்புகள். ஒரு விவகாரத்தின் கடிதங்கள் சேர்ந்தாற்போல் கிடைக்கும், தொடங்க அதுவே வசதி. ஈ 4 (E/4) வரிசையில் கம்பெனி இயக்குநர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து. கொல்கத்தாவில் மேற்கு வங்க மாநில ஆவணக்காப்பகம். சென்னை மாகாணத்துக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் நீதித்துறை நடவடிக்கைகள்.

ஒரே சம்பவத்தை மாஜிஸ்திரேட் கடிதம், எப் 4 கோப்பு, நாடாளுமன்ற அச்சு ஆகிய மூன்றிலும் பிடித்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எந்த வாக்கியம் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று வண்ணம் போட்டுக் குறியுங்கள். ஐந்து சம்பவம் போதும். பெயர்களை ஆங்கில எழுத்தில் உள்ளபடியே முதலில் குறித்துக்கொண்டு, வங்காளி தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து சாத்தியமான வடிவத்தைப் பிறகு எழுதுங்கள். ஊகம் என்றால் கேள்விக்குறி போடுங்கள்.

#16 செங்காந்தள்

எழுதும்போது ஒன்று. பதிவேட்டின் செயப்பாட்டுவினை தமிழுக்குள்ளும் ஒட்டிக்கொண்டு வரும். 'அவள் எரிய அனுமதிக்கப்பட்டாள்' என்று எழுதாமல், 'இன்ன மாஜிஸ்திரேட் அனுமதி கொடுத்தார், இன்னார் தீ வைத்தார்கள் என்று தாரோகா எழுதுகிறார்' என்று எழுதுங்கள். தீ வைத்தவர் யார் என்று பதிவு சொல்லாவிட்டால், சொல்லவில்லை என்பதையே வாக்கியமாக்குங்கள்.